கடலோரத்தில் இருந்துகொண்டு மடிக்கும் போன் வாங்கலாமா? குளச்சலில் கடை வைத்திருப்பவன் சொல்வது

கேள்வி இது: “போனுக்காக 90,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் போட்டு மடிக்கும் போன் வாங்கலாமா, இல்லை பெரிய திரை உள்ள சாதாரண போனே போதுமா? ஊர் நாகர்கோவில்.”

குளச்சலில் 11 வருடமாக போன் விற்பனையும் சர்வீஸும் செய்துவருகிறேன். கோயம்புத்தூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ கேட்டிருந்தால் பதிலைக் கொஞ்சம் மாற்றியிருப்பேன். நாகர்கோவில் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கப் போனிலேயே ஆவணங்கள் படிக்கிற வேலை உங்களுக்கு இல்லையென்றால் மடிக்கும் போன் வேண்டாம். பெரிய திரை வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு அழுத்தமான அபிப்பிராயம் என்றால், போன வருடம் என் மேசைக்கு வந்த ஒரு போன்தான் காரணம். சவுதியில் வேலை பார்க்கும் ஒருவர் லீவுக்கு வந்தபோது மனைவிக்கு மடிக்கும் போன் வாங்கி வந்தார். புத்தகம் மாதிரி விரியும் வகை. எட்டே மாதத்தில் அந்த அக்கா கடைக்கு வந்து, “அண்ணா, நடுவுல ஒரு கோடு விழுது, தொட்டா வேலை செய்யல” என்றார். கீழே விழுந்ததா என்று கேட்டேன், இல்லை. தண்ணீர் பட்டதா, அதுவும் இல்லை. பிள்ளைகளோடு முட்டம் கடற்கரைக்குப் போய் நிறைய போட்டோ எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

லென்ஸ் விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கீலின் இரண்டு முனையிலும் இருக்கும் மெல்லிய இடைவெளியில் கறுப்புப் பொடி. திரையின் ஓரத்திலும் வரிசையாக அதே பொடி, பிரஷ்ஷால் தள்ளினால் போகாமல் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டது. மடித்தால் கச்சிதமாக மூடிக்கொள்வதற்காக அந்த ஓரத்தில் காந்தம் வைத்திருப்பார்கள். எங்கள் கடற்கரை மணல் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் மணல் ஆலை இருப்பதே அந்தக் கறுப்பு மணலுக்காகத்தான். அதில் இருக்கும் இல்மனைட் என்ற தாதுவை அங்கே காந்தத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஆலைக்குள் நடக்கிற அதே வேலை அந்தப் போனின் ஓரத்தில் நடந்திருந்தது. ஒரு துகள் கீல் வழியாகத் திரைக்கு அடியில் போய்விட்டால், மடிக்கும்போதெல்லாம் அது கீழிருந்து குத்தும். மேலே இருப்பது சாதாரண போன் கண்ணாடி என்றால் தாங்கும். மடியும் கண்ணாடியோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனம், அதாவது 30 மைக்ரான். தலைமுடி அதைவிடத் தடிமன்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். உள்திரையை மாற்ற 46,000 ரூபாய் ஆகும், வாங்கியது வெளிநாட்டில் என்பதால் இங்கே வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அக்கா எதுவும் பேசாமல் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இப்போதும் அதை விரிப்பதே இல்லை, வெளித்திரையை மட்டும் வைத்து ஓட்டுகிறார். வளைகுடாவிலிருந்து போன் கொண்டுவருகிற வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனை என்று சொல்லவே வேண்டாம். அவர்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பில்லை வாங்கும்போதே இந்தியாவில் வாரண்டி உண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பல கம்பெனிகள் வாரண்டியை விற்ற நாட்டோடு நிறுத்திவிடுகின்றன.

இது ஏதோ ஒரு போனுக்கு வந்த கோளாறு என்று நினைக்காதீர்கள். சாம்சங்கின் முதல் கேலக்ஸி ஃபோல்டு 2019 ஏப்ரலில் வெளிவர வேண்டியது. சோதித்துப் பார்க்கக் கொடுத்த போன்களிலேயே திரை கெட்டது. சிலர் மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புப் படலத்தை ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்துவிட்டார்கள், சிலவற்றில் கீல் வழியாகத் தூசி உள்ளே போனது. கீலின் முனைகளுக்கு மூடி வைத்து, செப்டம்பரில்தான் விற்பனைக்கு விட்டார்கள். அதற்குப் பிறகு எவ்வளவோ முன்னேற்றம் வந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. 2021-ல் வந்த மூன்றாவது ஃபோல்டு தண்ணீரைத் தாங்கியது. 2025-ல் வந்த ஏழாவது ஃபோல்டை மடித்தால் 8.9 மில்லிமீட்டர் தடிமன், 215 கிராம் எடை. கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கே ஆசையாக இருந்தது.

ஆனால் அந்தப் போனுக்குக் கொடுத்திருக்கும் தர எண் ஐபி48. தண்ணீரையும் தூசியையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற எண் அது. எட்டு தண்ணீருக்கு. அதுவும் நல்ல தண்ணீரில் வைத்துச் சோதித்தது, உப்புத் தண்ணீருக்கு அந்த எண் பொறுப்பேற்காது. நான்கு என்பது திடப்பொருளுக்கு: ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதான எதுவும் உள்ளே போகாது என்று அர்த்தம். சங்குத்துறையிலோ சொத்தவிளையிலோ ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும் மணியைத் தேடித்தான் பொறுக்க வேண்டும். தூசிக்கும் சேர்த்து ஐபி68 வாங்கிய மடிக்கும் போன் கூகுளிடம் 2025-ல் வந்தது, பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு. அதன் விலை உங்கள் கணக்கில் அடங்காது.

விலை என்றதும் இன்னொன்று. “கொஞ்ச நாள் பொறுத்தால் விலை இறங்கும், அப்போது வாங்கிக்கொள்ளலாம்” என்று கடைக்கு வருகிறவர்கள் ஆறு வருடமாகச் சொல்கிறார்கள். முதல் ஃபோல்டு 2019 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோது 1,64,999 ரூபாய். 2025-ல் ஏழாவது ஃபோல்டு 1,74,999. குறுக்கே மடியும் ஃப்ளிப் 2020-ல் 1,09,999, ஏழாவது ஃப்ளிப்பும் அதே 1,09,999. இடையில் 2020 ஏப்ரலில் போனுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அந்த 1,74,999-க்குள் ஏறக்குறைய 26,700 ரூபாய் வரி மட்டும். மற்ற கம்பெனிகள் கீழே இறங்கி வந்திருக்கின்றன என்பதும் உண்மைதான். மோட்டோரோலா ரேசர் 40 2023-ல் 59,999 ரூபாய்க்கு வந்தது, டெக்னோ 49,999-க்கே ஒரு ஃப்ளிப் விட்டது. உங்கள் 90,000-க்குள் இந்த மாதிரி ஏதாவது கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் உள்திரை மாற்ற என்ன செலவு, நாகர்கோவிலில் செய்வார்களா, திருவனந்தபுரத்துக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

சரி, திரைக்கு வருவோம். மடிக்கும் போன் கேட்கிற பத்தில் எட்டுப் பேர் என்னிடம் சொல்லும் காரணம் ஒன்றுதான், “படம் பெரிதாகத் தெரியும்.” ஒரு நாள் ஸ்கேலை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏழாவது ஃபோல்டை விரித்தால் 8 இஞ்ச், கிட்டத்தட்ட சதுரம். 6.8 இஞ்ச் சாதாரண போனைவிடத் திரைப் பரப்பு 1.8 மடங்கு. ஆனால் யூடியூப் வீடியோ சதுரத்தில் எடுப்பதில்லையே! 16:9 வீடியோ ஓடும்போது ஃபோல்டில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து, படம் 15.1-க்கு 8.5 சென்டிமீட்டர். சாதாரண போனில் 12.9-க்கு 7.2. பெரிதுதான், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடுதல். அடுத்து நம் தமிழ் சினிமா. பெரும்பாலும் சினிமாஸ்கோப்பில் எடுப்பார்கள், இன்னும் அகலமான சட்டம். அதைப் போட்டால் ஃபோல்டில் 15.1-க்கு 6.4, சாதாரண 6.8 இஞ்ச் போனில் 15.7-க்கு 6.7. சாதாரண போனில்தான் படம் பெரிது! இதை ஒருவருக்கு இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், ஐந்து நிமிடம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சதுரத் திரைக்கும் பயன் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தக்கலையில் ஆவண எழுத்தராக இருக்கும் ஒருவர் மூன்று வருடமாக மடிக்கும் போன் வைத்திருக்கிறார். பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஏ4 காகிதம் அந்தத் திரையில் அப்படியே உட்காரும், சர்வே எண்ணைப் பார்க்க இரண்டு விரலால் இழுத்து இழுத்துக் கண்ணைச் சுருக்க வேண்டாம். நாள் முழுக்க அறைக்குள், ஃபேனுக்கு அடியில் இருக்கிறார். அவர் போன் இன்னும் புதிது மாதிரி இருக்கிறது. நடுவில் அந்தப் படலம் மட்டும் ஒரு முறை குமிழ் விட்டது, மாற்றிக்கொண்டார். கம்பெனிகள் இரண்டு லட்சம் முறை மடிக்கலாம் என்றபோது நான் நம்பவில்லை. அவர் போனைப் பார்த்த பிறகு நம்புகிறேன். நாளைக்கு நூறு முறை மடித்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் வரும் கணக்கு அது. மடிப்பதால் கெட்ட போன் என் மேசைக்கு அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது, வந்தவை பெரும்பாலும் மணலாலும் உப்புக்காற்றாலும் கெட்டவை.

இனி அளவு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளக்கிற கணக்கு. பழைய 5.5 இஞ்ச் போனின் திரை அகலம் ஏறக்குறைய 6.8 சென்டிமீட்டர். இன்றைய நீளவாக்கு 6.1 இஞ்ச் போனில் ஏறக்குறைய 6.5 தான். பெட்டியில் எண் கூடியிருக்கும், கைக்கு அகலம் குறைந்திருக்கும். கையில் பிடிக்கிறோமே, அதற்கு அகலம்தான் முக்கியம். போனின் மொத்த அகலம் 70 மில்லிமீட்டர் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலான கைகளுக்கு ஒரு கட்டைவிரலிலேயே வேலை நடக்கும். 77-ஐத் தாண்டினால் இரண்டாவது கை வேண்டும். குலசேகரத்திலிருந்து வரும், ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற அண்ணன் ஒருவர், “ஒரு கையில கத்தி, மத்த கைக்கு அடங்கினா போதும்” என்றுதான் போன் கேட்பார். அவர் மாதிரி சின்ன போன் கேட்பவர்களுக்குக் கடைகளில் இப்போது அதிகம் இல்லை. ஆப்பிள் 2020-லும் 2021-லும் 5.4 இஞ்ச் மினி விட்டது. அருமையான போன். வாயால் விரும்பிய அளவுக்கு ஆட்கள் வாங்கவில்லை, 2022-ல் புது மினி விடாமல், அந்த இடத்தில் பெரிய பிளஸ்ஸைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பெரிய திரையைக் கேலி செய்கிறவனும் நான் இல்லை. கோடிமுனையிலிருந்து ஒரு பாட்டி வருவார், மகன் குவைத்தில். “மக்களே, எனக்க பிள்ளைக்க முகம் பெருசா தெரியணும், வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார். 6.8 இஞ்ச், 14,000 ரூபாய் போன் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, மகன் படத்தைத் தொட்டால் வீடியோ கால் போகும்படி முகப்பில் வைத்துக் கொடுத்தேன். 5,000 எம்ஏஎச் பேட்டரி, இரண்டு நாள் நிற்கிறது. அந்த 1,74,999 ரூபாய் ஃபோல்டில் 4,400 தான், மெலிதாக்கினால் பேட்டரிக்கு இடம் இருக்காது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல், கடலுக்குப் போனவர்களின் செய்திக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகளைப் பார்த்தவன் நான். கடைக்கு வரும் யாரிடமும் பேட்டரியைப் பற்றித்தான் முதலில் பேசுவேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 90,000-ஐ முழுதாகச் செலவழிக்க வேண்டியதே இல்லை. 70 மில்லிமீட்டர் அகலத்தில் நல்ல போன்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. கண்ணுக்குப் பெரிதாக வேண்டும் என்றால் 6.8 பக்கம் போங்கள், ஐபி68 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவண எழுத்தர் மாதிரி வேலை என்றால் மடிக்கும் போனை வாங்கலாம், ஆனால் உள்திரைக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் திட்டம் போட்ட பிறகுதான், கடற்கரைக்குப் போகும் நாளில் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள் என்றால்தான்.

கடைக்குப் போகும்போது இப்போதைய போனை கவரோடு கொண்டுபோங்கள். புது போனை ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் எதிர்ப்பக்க மேல்மூலையைத் தொட்டுப் பாருங்கள். அதையே கவர் போட்ட பிறகு ஒரு முறை செய்யுங்கள், கவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தைக் கூட்டிவிடும்.