பேஸ் கிட்டார் போர்வைக்குள்ள இருந்து கேக்குதா? அம்மாவோட ஈபிஎஃப் காசுல கை வைக்க முந்தி இதைப் படிங்க

தலவாக்கலைப் பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஞாயித்துக்கிழமை சேர்ச்ல வாசிக்கிறாரு, கல்யாணம் கோயில் திருவிழான்னா பேண்டோட போறாரு. கையில இருக்கிறது ஃபெண்டர் கம்பெனியோட ஜாஸ் பேஸ் மாதிரியே செஞ்ச விலை குறைஞ்சது ஒண்ணு, பெட்டரி போடாதது. "ஆம்ப் எல்லாம் இல்லண்ணே, நேரா மிக்ஸர்லதான் குத்துறோம். சத்தம் பெருசா வருது, ஆனா என்ன நோட்டுன்னே வெளங்கல, போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. அம்மாவுக்கு ஈபிஎஃப் காசு வந்திருக்கு, அமெரிக்கன் ஃபெண்டர் ஒண்ணு எடுத்தா சரியாகுமா?"

தம்பி, ஃபெண்டரைப் பத்தி கடைசியில பேசுவோம். நீங்க போற போக்குல ஒரு வார்த்தை சொல்லிட்டு போயிட்டீங்க பாருங்க, நேரா மிக்ஸர்ல குத்துறோம்னு, பாதி வியாதி அங்கதான் இருக்கு.

பெட்டரி இல்லாத பேஸ்ல பிக்கப்ங்கிறது காந்தமும் அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து மெல்லிய செப்புக் கம்பியும்தான், வேற ஒண்ணும் கிடையாது. மேல கம்பி ஆடுறப்ப கீழ ஒரு சின்ன சிக்னல் பொறக்குது, அதுக்குத் தள்ளுற பலம் ரொம்பக் கம்மி. கிட்டார் ஆம்புக்குள்ள போற வழியோட தடை பொதுவா ஒரு மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம், அது பிக்கப்கிட்ட இருந்து எதையும் புடுங்காது. மிக்ஸர்ல கீபோர்டுக்குன்னு இருக்கிற லைன் ஓட்டை அப்பிடி இல்ல, பெரும்பாலும் 10,000 ஓம்ல இருந்து 50,000 ஓம் வரைக்கும்தான். நம்ம பீலியை நினைச்சுப் பாருங்க, மெல்லிசா வர்ற தண்ணிக்கு கீழ் லயத்துல நாலு பேர் ஹோஸ் போட்டு இழுத்தா மேல் லயத்துக்கு என்ன வரும், அதே கதைதான். இதுல முதல்ல சாகுறது மேல் சத்தம், அதாவது விரல் கம்பியில படுற அந்த சின்ன 'டக்', கம்பியோட உலோகச் சத்தம், எல்லாம் அங்கயே போயிரும். மிஞ்சுறது வெறும் மொத்து. அப்புறம் சவுண்ட் காரர் பேஸ் கேக்கலையேன்னு லோ நாப்பை திருகுவாரு, மொத்து ரெண்டு மடங்காகும், நோட்டு இன்னும் உள்ள போகும்.

இதுக்கு மருந்து டி.ஐ. பாக்ஸ்னு ஒரு சின்னப் பெட்டி, பிக்கப்கிட்ட இருந்து எதையும் புடுங்காம சிக்னலை வாங்கி மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்தி அனுப்பும். பெட்டரி இல்லாத பேஸுக்கு ஆக்டிவ் டி.ஐ., அதாவது கரண்டு குடுத்து ஓடுறது, நல்லது. சில மிக்ஸர்ல ஒண்ணு ரெண்டு சேனலுக்கு கிட்டார் படம் போட்ட சுவிட்ச் இருக்கும், இல்லன்னா ஹை இசட்னு போட்டிருக்கும், அது இருந்தா அதை அமுக்கினாலே போதும். ஒண்ணும் இல்லன்னா பேண்ட்ல லீட் வாசிக்கிறவர்கிட்ட பஃபர், அதாவது சிக்னலுக்குத் தள்ளுற பலம் குடுக்கிற சர்க்கிட், உள்ள டியூனர் பெடல் இருக்கான்னு கேட்டு அதை இடையில வச்சுப் பாருங்க, பக்குனு திரை விலகுற மாதிரி இருக்கும். பேஸ்ல இருந்து பாக்ஸ் வரைக்கும் போற கேபிள் சின்னதா இருக்கட்டும், ஏன்னா கேபிள் நீள நீள மேல் சத்தத்தை அதுவும் திங்கும், பாக்ஸுக்கு அங்கிட்டு மிக்ஸர் வரைக்கும் எவ்வளவு தூரம் இழுத்தாலும் பிரச்சினை இல்ல. இப்ப யோசிங்க, ஜாஸ் பேஸ் 1960ல வந்தது, அதோட மூல டிசைன்ல பெட்டரியே கிடையாது, அதனால அமெரிக்காவுல செஞ்சதா இருந்தாலும் பெட்டரி இல்லாத மொடலை அதே ஓட்டையில குத்தினா அதே போர்வைதான்.

அப்ப பெட்டரி உள்ளது வாங்கலாமான்னு கேப்பீங்க. வாங்கலாம், சிக்னலுக்குப் பலம் குடுக்க உள்ள ஒரு பிரீஆம்ப் இருக்கும், மிக்ஸர்ல நேரா குத்தினாலும் தாங்கும். ஆனா அதுல ஜெக்கை குத்தினாலே பெட்டரி ஓட ஆரம்பிச்சிரும். எனக்கு நடந்தது நானுஓயாவுல ஒரு கல்யாணத்துல, முதல் நாள் சவுண்ட் செக் முடிச்சிட்டு கேபிளை உருவாம அப்பிடியே வச்சிட்டு தூங்கப் போயிட்டேன், மறுநாள் பொண்ணு மாப்பிள்ளை உள்ள வர்ற நேரத்துல 'ப்ர்ர்ர்'னு கிழிஞ்ச சத்தம், ரெண்டாவது பாட்டுல அதுவும் இல்ல. ஞாயித்துக்கிழமை, கடை பூட்டு. மண்டபத்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், அதுல சின்ன பெட்டரி, நமக்கு வேணும்னது 9 வோல்ட். மிச்ச கல்யாணம் பூரா கீபோர்டுக்காரர் இடது கையால பேஸ் வாசிச்சாரு, நான் கை தட்டினேன்.

சரி, மத்த பாதிக்கு வருவோம், அது உங்க கையில இருக்கு. மாசியில காமன் கூத்துக்கு தப்பு அடிக்கிறவங்களை கிட்ட நின்னு பார்த்திருப்பீங்க. பனியில தோல் தொய்ஞ்சு போகும், நெருப்புல காட்டி இறுக்கிட்டுத்தான் அடிப்பாங்க, அது தனி, ஆனா அதே தப்புல குச்சி நடுவுல விழுந்தா ஒரு சத்தம் ஓரத்துல விழுந்தா வேற சத்தம். கம்பியும் அப்பிடித்தான். எந்த இடத்துல சுண்டுறீங்களோ அந்த இடத்தைப் பொறுத்து சில உள் சத்தங்கள் எழும்பும், சிலது எழும்பவே எழும்பாது. உடம்புல கம்பி மாட்டியிருக்கிற பிரிட்ஜுக்கும் கழுத்து நுனியில கம்பி உக்கார்ற நட்டுக்கும் இடையில பொதுவா 34 அங்குலம், அதுக்கு சரி நடுவுல, 12ஆவது ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்துல குறுக்க பதிச்ச உலோகக் கோட்டுக்கு, நேர் மேல, திறந்த கம்பியைச் சுண்டுங்க, அந்த உள் சத்தங்கள்ல, அதாவது ஹார்மோனிக்ல, ரெண்டாவது நாலாவது மாதிரி இரட்டைப்படை எல்லாம் அடங்கி உருண்டையா, குகைக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும். கையை கழுத்து முடியிற இடத்துக்கு கொண்டு வாங்க, சதை போடும். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் மேல வாங்க, சத்தம் ஒல்லியாகும் ஆனா ஒவ்வொரு நோட்டும் எழுத்து மாதிரி தெரியும். அமெரிக்க பேஸ் வாசிப்பாளர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸ்ல பேசுற மாதிரி ஒரு சத்தம் எடுத்தாரே, பிரிட்ஜ் பக்கம் கையை வச்சு பின் பிக்கப்பை நம்பி வாசிச்சதுல வந்தது அது. ஒரே ஏ கம்பியை மூணு இடத்துலயும் சுண்டி போன்ல ரெக்கார்ட் பண்ணி இயர்போன் போட்டு கேளுங்க. போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அவ்வளவு கீழ போற சத்தம் அந்த பொட்டு ஸ்பீக்கர்ல வராது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. போன்ல 41 ஹெர்ட்ஸே வராதப்பவும் இளையராஜா பாட்டுல பேஸ் எப்பிடி ஓடுதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியுது, முணுமுணுக்கவே முடியுது, இல்லையா? மேல இருக்கிற ஹார்மோனிக்கைக் கேட்டே நம்ம காது கீழ என்ன நோட்டுன்னு கண்டுபிடிச்சிரும். அதனால நோட்டு வெளங்கணும்னா கூட்ட வேண்டியது லோ இல்ல, மிட், அதாவது சுமார் 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 800 வரைக்கும் உள்ள இடம். நம்ம சவுண்ட் காரங்க ஈக்வலைசரை சிரிக்கிற வாய் மாதிரி வளைச்சு வைப்பாங்க, நடுவுல பள்ளம், உங்க பேஸ் அந்தப் பள்ளத்துலதான் விழுந்து கிடக்கு. உங்க பேஸ்லயே ஒரு வழி இருக்கு, ரெண்டு பிக்கப்புக்கும் தனித்தனியா இருக்கிற ரெண்டு வொலியூமையும் முழுசா திறந்து வைக்காம ஒண்ணை கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. ரெண்டும் முழுசா இருந்தா மிட் கொஞ்சம் குழியும், ஒண்ணு குறைஞ்சா எழும்பி வரும். ஆனா எர்த் சரியில்லாத இடத்துல 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் கூடவே வரும், ரெண்டும் முழுசா இருக்கிறப்பதான் அது ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். எது தொல்லையோ பார்த்து வச்சுக்குங்க.

அடுத்தது பலம். கேக்கலைன்னு விரலால இழு இழுன்னு இழுக்கிற பழக்கம் நம்ம பசங்க எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் பத்து வருஷம் இருந்துச்சு. ரொம்ப இழுத்தா கம்பி ஃப்ரெட்ல போய் மோதும், நோட்டு ஆரம்பத்துல ஒரு பொட்டு ஷார்ப்பா ஏறி அப்புறம்தான் இறங்கும், கீபோர்டோட சுருதி சேராது. மெதுவா சுண்டிட்டு வொலியூமைக் கூட்டுங்க. இடது கையை யாரும் கவனிக்கிறதே இல்ல, ஆனா நோட்டு எப்ப முடியுதுங்கிறது அந்தக் கையிலதான் இருக்கு. உசந்த கூரை உள்ள சேர்ச்ல எக்கோ சும்மாவே நோட்டை இழுத்துட்டு போகும், நீங்களும் இழுத்தா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி குழம்பிரும், அங்க விரலைத் தூக்கி நோட்டை வெட்டுங்க. பைலா வாசிக்கிறப்பவும் அப்பிடித்தான், நோட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளிதான் ஆட வைக்குது.

டெட்ரோய்ட்ல மோட்டவுன் கம்பெனி பாட்டுக்கெல்லாம் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் கதையைக் கேட்டா உங்களுக்கே சிரிப்பு வரும். ஃபெண்டரோட 1962 பிரிசிஷன் பேஸ், வழவழன்னு இருக்கிற ஃப்ளாட்வூண்ட் கம்பி, அதையும் அறுந்தா தவிர மாத்த மாட்டாரு, பிரிட்ஜ் மூடிக்கு அடியில ஒரு துண்டு ஸ்பொஞ்சு, வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணே ஒண்ணு. ரெக்கார்டிங்கும் பெரிய ஆம்ப் எல்லாம் வைக்காம நேரா மிக்ஸர் டெஸ்க்குக்குத்தான், ஆனா அவங்க பேஸுக்கு ஏத்த வழியில உள்ள விட்டாங்க, நம்மள மாதிரி கீபோர்டு ஓட்டையில இல்ல. அதே அறுபதுகள்ல இங்கிலாந்துல தி ஹூ பேண்ட்ல வாசிச்ச ஜோன் என்ட்விசில் நேர் எதிர், ரோட்டோசவுண்ட் கம்பெனியோட சொரசொரன்னு இருக்கிற ரவுண்ட்வூண்ட் கம்பி, பியானோ மாதிரி மினுக்குற சத்தம். ரெண்டு பேர்கிட்டயும் ஃபெண்டர் பேஸ் இருந்துச்சு, சத்தம் மலைக்கும் மடுவுக்கும்.

கம்பின்னு சொன்னதும் ஞாபகம் வருது, உங்க கம்பியை எப்ப மாத்துனீங்க? வாங்குனப்ப வந்ததுதான்னு சொன்னா எனக்கு ஆச்சரியம் இல்ல. நம்ம ஊர் ஈரம் ஒரு பக்கம், வியர்வை ஒரு பக்கம், காம்பராவுல விறகடுப்புக்குப் பக்கத்து ஆணியில மாட்டி வச்சா புகைக்கரி ஒரு பக்கம், ரவுண்ட்வூண்ட் கம்பியோட சுத்துக்கு இடையில எல்லாம் போய் ஒட்டிக்கும், அப்புறம் அது கம்பி இல்ல, கயிறு. 2022ல டொலர் 200ல இருந்து 360 ரூபாக்கு ஏறினதுல இருந்து புது செட் வாங்குறது லேசு இல்லைன்னு தெரியும், அதுவரைக்கும் பழசைக் கழட்டி, வளையம் மாதிரி சுத்தி, வெறும் தண்ணியில ஒரு பத்து நிமிஷம் கொதிக்க விட்டு, துணியில நல்லா துடைச்சு, ஒரு சொட்டு ஈரம் இல்லாம காய வச்சு திரும்ப போடுங்க. தண்ணி தேயிலைச் சாயம் மாதிரி நிறம் மாறும், அவ்வளவும் உங்க கை அழுக்கு. கொஞ்ச நாளைக்கு உயிர் வரும், மாசக்கணக்குக்கு எதிர்பார்க்காதீங்க, ரெண்டு மூணு தடவைக்கு மேல செஞ்சா திருகுற இடத்துல அறுந்திரும். வாசிச்சு முடிஞ்சதும் துணியால துடைக்கிற பழக்கத்துக்கு காசு வேணாம்.

வீட்டுல பழகுறப்ப ஏ கம்பி மட்டும் 'கும்'னு குமுறுது மத்தது குமுறலன்னு நினைச்சிருக்கீங்களா? பேஸ் மேல பழி போடாதீங்க. பழைய லயத்துக் காம்பரா பத்தடி பன்னிரண்டடி. பத்தடிச் சுவருக்கு இடையில சத்தம் போய் வந்து நிக்கிறது சுமார் 56 ஹெர்ட்ஸ்ல, திறந்த ஏ கம்பி 55. பன்னிரண்டடிப் பக்கம் 47 ஹெர்ட்ஸ் கிட்ட, அது ஈ கம்பியில ரெண்டாவது ஃப்ரெட்டுக்குப் பக்கம். அறைதான் குமுறுது. அந்த குமுறலுக்கு காது பழகிட்டு மண்டபத்துக்குப் போனா அங்க ஒல்லியா கேக்கும், உடனே லோ நாப்பைத் தேடுவோம். நின்ன இடத்துல இருந்து ரெண்டு எட்டு தள்ளி நின்னு வாசிச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

மரம்? எல்லாரும் சண்டை போடுறது அதுக்குத்தான். டிரம்ஸும் கீபோர்டும் ஓடுறப்ப உடம்பு என்ன மரம்னு எந்தக் காதாலயும் சொல்ல முடியாதுங்கிறது என் அபிப்பிராயம், யாராவது சண்டைக்கு வந்தா வரட்டும். கழுத்து நேரா இருக்கா, ஃப்ரெட் தேஞ்சிருக்கா, நட்டு ஒழுங்கா வெட்டியிருக்கா, அதுதான் விஷயம். மழைக்காலத்துல கழுத்து வளையும், 12ஆவது ஃப்ரெட்ல ஈ கம்பிக்கு அடியில இடைவெளி 2.5 மில்லிமீட்டர் கிட்ட, ஜி கம்பிக்கு 2 கிட்ட இருந்தா போதும், அதை விட ரொம்ப உசந்திருந்தா டிரஸ் ராடு, அதாவது கழுத்து வளைவை சரி பண்ண உள்ள வச்ச இரும்புக் கம்பி, தெரிஞ்ச ஆளா பார்த்து குடுங்க, யூடியூப் பார்த்து நீங்களே முறுக்கிராதீங்க.

இப்ப காசு. முதல்ல ஒரு செட் கம்பி, பிறகு டி.ஐ. பாக்ஸ், பிறகு செட்டப் பண்ணுற கூலி, இந்த மூணும் சேர்ந்து ஃபெண்டர் விலையில ஒரு மூலைக்கு கூட வராது. அம்மா எத்தனை வருஷம் கொழுந்து பறிச்ச காசு அது, அது பேங்க்லயே இருக்கட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு கல்யாண வீட்டுக் காசுல நீங்களே சேர்த்து வாங்குங்க, அப்ப எந்த மொடல் வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

எல்லாம் செஞ்சும் ஜி கம்பியில அஞ்சுல இருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள்ள ஏதாவது ஒரு நோட்டு மட்டும் சட்டுனு செத்துப் போனா பயப்படாதீங்க, அது டெட் ஸ்பொட், கழுத்து அந்த நோட்டோட சேர்ந்து ஆடி சத்தத்தை குடிச்சிரும், விலை கூடின ஃபெண்டர்லயும் அதே இடத்துல இருக்கும். ஏழாவதுல செத்தா அதே நோட்டு டி கம்பியில 12ஆவதுல இருக்கு, அங்க போய் வாசிங்க.