மோரோ பேயில் வீடு வாங்கலாமா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் ஏறக்குறைய நடுவில், 576 அடி உயரப் பாறை ஒன்றும் மூடிய மின்நிலையத்தின் மூன்று புகைபோக்கிகளும் நிற்கிற கடலோர ஊர். பத்தாயிரத்துச் சொச்சம் பேர். ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். வாங்கும் முன் வீட்டைச் சோதித்துச் சொல்வது என் தொழில். அதனால் தரைக்கு அடியில் தவழ்ந்து பார்த்ததைக் கேட்டால் நிறையப் பேசுவேன், விசாவைக் கேட்டால் பேச மாட்டேன்.

ஃப்ரீமாண்ட்டிலிருந்து: அக்கா, போன அக்டோபரில் மூன்று நாள் வந்திருந்தோம். வெயில், நீலக் கடல், நீர்நாய்கள் மல்லாந்து மிதக்கின்றன. இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. வந்துவிடலாம் என்று இருக்கிறோம்.

எல்லாரும் அக்டோபரில்தான் வருகிறார்கள் தம்பி. செப்டம்பரும் அக்டோபரும்தான் இந்த ஊருக்குக் கோடை. ஜூலையில் ஒருவரும் வந்து பார்ப்பதில்லை. வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்கிலிருந்து அடிக்கிற காற்று கடலின் மேல் தண்ணீரைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகும், அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், அதன் மேல் ஈரக்காற்று வந்து குளிர்ந்து மூடுபனியாகும். மலைக்கு அந்தப் பக்கம் உள்நாட்டில் வெயில் ஏற ஏற அந்தப் பனி ஊருக்குள் இழுக்கப்படும். ஆகவே அடஸ்கடேரோவில், 41ஆம் சாலையில் அரை மணி தூரம்தான், 38 டிகிரி வெயில் காயும் நாளில் நான் இங்கே 16 டிகிரியில் ஸ்வெட்டரோடு நிற்பேன். சில வாரம் மதியம் ஒரு மணிக்குச் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு நாலு மணிக்குப் போய்விடும். சில வாரம் அதுவும் இல்லை. கடல் தண்ணீர் 12லிருந்து 15 டிகிரி, கால் நனைக்கலாம், குழந்தைகளைக் குளிக்க விட முடியாது.

எனக்கு இந்தப் பனி பிடிக்கும். என் கணவருக்கு மூன்றாவது வருடம்தான் பிடித்தது. ஒரு ஜூலை முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள், அப்புறம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். இதை இன்னும் பலமுறை சொல்லப் போகிறேன்.

சான் ஹோசேயிலிருந்து: 1958இல் கட்டிய சின்ன வீடு, கடலுக்கு மூன்று தெரு தள்ளி. உள்ளே எல்லாம் புதுசாகச் செய்திருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

இது என் கேள்வி. உள்ளே இருக்கும் புதுசை விடுங்கள். சமையல் மேடைக்குப் புதுக் கல் போடுகிறவர்கள் தரைக்கு அடியில் போவதே இல்லை. அந்தக் காலத்து வீடுகள் பல, மண்ணுக்கும் மரத் தரைக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி விட்டுக் கட்டியவை. அங்கே மண் ஈரமாக இருக்கிறதா, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கிறதா, காற்றுப் போகும் கம்பிவலைகளை யாராவது அடைத்துவிட்டார்களா, உத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். போன வருடம் ஒரு வீட்டில் புத்தம் புது ஓக் தரை, அடியில் போய்ப் பார்த்தால் உத்திரம் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்கிறது.

அப்புறம் உப்பு. வெளிச்சுவரில் இருக்கும் மின் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், சுவிட்சுகளின் கால் துருப்பிடித்திருக்கும். கராஜ் கதவின் ஸ்பிரிங், மழைநீர்த் தகரம், ஹீட்டரின் புகைக்குழாய், மரத்தளத்தை வீட்டோடு பிடித்திருக்கும் ஆணிகள், எல்லாவற்றையும் பாருங்கள். மாற்றும்போது 316 வகை துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண நாகப்பூச்சு ஆணி கடலோரத்தில் சீக்கிரம் அழுது வடியும். ஒற்றைக் கண்ணாடி அலுமினிய ஜன்னல் என்றால் காலையில் தண்ணீர் வழியும், அதன் கீழே சுவர் கறுக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். என் கல்யாணப் புடவை அப்படித்தான் பூஞ்சை பிடித்தது. உட்சுவர் அலமாரி, பருத்தித் துணிச் சுற்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறல்.

வீட்டை வாங்கும் முன் ஒரு ஜூலை வாடகைக்கு இருங்கள்.

சன்னிவேலிலிருந்து: கேம்ப்ரியாவில் காலி மனை, பக்கத்து மனை விலையில் பத்தில் ஒரு பங்குக்கு வருகிறது. வாங்கிப் போட்டு அப்புறம் கட்டலாமா?

வேண்டாம். கேம்ப்ரியா எங்களுக்குப் பக்கத்துக் கடலோர ஊர், அங்கே தண்ணீர்ப் பற்றாக்குறை என்று 2001இல் புது இணைப்பு தருவதை நிறுத்தினார்கள். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் அன்றிலிருந்து காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். தண்ணீர் இணைப்பு இல்லாத மனையில் வீடு கட்ட அனுமதி இல்லை. விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான், விற்கிறவருக்கு உங்கள் மேல் அன்பு இல்லை. அப்படியே தண்ணீர் கிடைத்தாலும் கடலோர ஆணையத்தின் அனுமதி தனி. 1976 சட்டப்படி கடற்கரை மண்டலத்துக்குள் அவர்களைத் தாண்டிப் பெரிதாக எதையும் செய்துவிட முடியாது. கொல்லைப்புறத்தில் சின்ன வீடு, மாடி எடுப்பது, சுற்றுச்சுவர், எதற்கும் முதலில் நகராட்சியில், கேம்ப்ரியா என்றால் கவுண்டி அலுவலகத்தில், கேளுங்கள்.

டப்ளினிலிருந்து: எச்1பியில் இருக்கிறேன். ஊர் மாறினால் மனு திருத்த வேண்டுமா?

குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். வண்டியில் சாமான் ஏற்றும் முன் கேளுங்கள்.

மில்பிடாஸிலிருந்து: வீட்டு வரி எப்படி?

1978இல் வந்த 13ஆம் பிரேரணைதான் இங்கேயும். நீங்கள் வாங்கும் விலையில் 1 சதவீதம், மேலே சில உள்ளூர்ச் சேர்க்கை, மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. 40 வருடமாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி கட்டுவதைக் கேட்டு வயிறெரியாதீர்கள்.

கூப்பர்டினோவிலிருந்து: கேம்ப்ரியாவில் மனை...

பதில் இரண்டு கேள்விக்கு மேலே இருக்கிறது.

சான் ரமோனிலிருந்து: சிரிக்காதீர்கள் அக்கா. இட்லி மாவு புளிக்குமா?

சிரிக்கவில்லை, இதுதான் இந்த ஊரில் நான் கேட்ட முதல் கேள்வி. புளிக்காது. மேடையில் வைத்தால் இரண்டு நாள் ஆனாலும் அரைத்த மாவு அரைத்தபடியே இருக்கும்.

சிகாகோவிலிருந்து: மைனஸ் 20இல் நாங்கள் மாவு பொங்க வைக்கிறோம். நீங்கள் கலிபோர்னியாவில் இருந்துகொண்டு இப்படிச் சொல்கிறீர்களே!

அய்யா, உங்கள் ஊரில் வெளியே மைனஸ் 20, வீட்டுக்குள் ராத்திரி முழுக்க ஹீட்டர், 21 டிகிரி. இங்கே வெளியே 12, இதற்கெல்லாமா ஹீட்டர் என்று யாரும் போடமாட்டோம், பழைய வீட்டில் சுவருக்குள் பஞ்சும் கிடையாது, விடியற்காலை சமையலறை 15 டிகிரி. மாவுக்குத் தெரிவது உங்கள் வானிலை அறிக்கை இல்லை, பாத்திரத்தின் சூடு. உங்கள் மாவு என் மாவைவிடச் சுகமாகத் தூங்குகிறது.

டல்லாஸிலிருந்து: அயோடின் உப்புதான் காரணம். கல்லுப்பு போட்டுக் கையால் கரைத்துப் பாருங்கள்.

கல்லுப்பும் போட்டேன், அயோடின் உப்பும் போட்டேன், ஒரே நாளில் இரண்டு பாத்திரத்தில். இரண்டும் ஒன்றாகவே பொங்காமல் இருந்தன. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு அந்தச் சூட்டில் வைத்தபோது இரண்டும் ஒன்றாகவே பொங்கின.

சிகாகோ: இன்ஸ்டன்ட் பாட் வாங்குங்கள், தயிர் பொத்தானை அழுத்துங்கள், விஷயம் முடிந்தது.

டல்லாஸ்: இன்ஸ்டன்ட் பாட் மாவில் வாசனை வராது.

நியூ ஜெர்சியிலிருந்து: உளுந்து பழசாக இருந்தால் என்ன செய்தாலும் வராது.

நியூ ஜெர்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய உளுந்து நுரைத்துக்கொண்டு எழும்பாது, இங்கே நல்ல உளுந்துக்கு நாங்கள் படும் பாடும் அதுதான். அரை மணி தூரத்துக்குள் இந்திய மளிகை பெயருக்குத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பே ஏரியா போய் மூட்டையாக ஏற்றி வருவோம், போக மூன்று மணி. லிவர்மோர் கோயிலும் அதே பயணத்தில்தான். உப்பு பற்றி இனி பேச வேண்டாம்.

டல்லாஸ்: கையால் கரைத்தீர்களா என்று சொல்லவே இல்லையே.

கரைத்தேன்.

ப்ளெசன்டனிலிருந்து: மருத்துவமனை?

ஊருக்குள் கிடையாது. 13 மைலில் சான் லூயிஸ் ஒபிஸ்போ, இருபது நிமிடம். அவசரத்துக்குப் போதும். சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் காத்திருப்பு, புது நோயாளியை எடுக்காத மருத்துவர்களே அதிகம். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட நோய் இருந்தால், வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் மருத்துவரைப் பிடியுங்கள்.

ஹேவர்டிலிருந்து: பாறையில் மட்டி நிறைய ஒட்டியிருக்கிறது, பறித்துச் சமைக்கலாமா?

மே 1லிருந்து அக்டோபர் 31 வரை தடை. பாசியிலிருந்து வரும் நஞ்சு மட்டிக்குள் சேரும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, மூச்சை நிறுத்தும். மற்ற மாதங்களிலும் மாநில சுகாதாரத் துறையின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே எடுங்கள், உரிமமும் வேண்டும். மீன் பிடிக்க ஆசை என்றால் கடலுக்குள் நீளும் பொதுப் பாலத்தில் உட்காருங்கள், அங்கே மட்டும் உரிமம் தேவையில்லை. பாறையில் நிற்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். பத்து நிமிடம் சும்மா கிடந்துவிட்டு ஒரே அலை ஆளை இழுத்துப் போகும்.

ஃபோல்சமிலிருந்து: காப்பீடு?

வீட்டுக்கு விலை பேசும் முன் காப்பீடு கிடைக்குமா என்று பாருங்கள். 2023இலிருந்து பெரிய நிறுவனங்கள் கலிபோர்னியாவில் புதுப் பாலிசி கொடுக்கத் தயங்குகின்றன. கேம்ப்ரியா மாதிரி பைன் காட்டுக்குள் வீடு என்றால் கடைசிப் புகலிடமான ஃபேர் திட்டம்தான், அது முக்கியமாகத் தீக்கு, மற்றதற்கு இன்னொரு பாலிசி சேர்க்க வேண்டும். நிலநடுக்கம் தனி, வெள்ளம் தனி. செலவு மிச்சம் என்று வெள்ளக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள், 2023 ஜனவரி 9 மழையில் இங்கே ஓடை பொங்கி வீடுகளுக்குள் வந்தது.

சாக்ரமெண்டோவிலிருந்து: சுனாமி, அணு உலை, பேட்டரி கிடங்கு. பயமாக இல்லையா?

மூன்றும் என் துறை இல்லை. சுனாமி எல்லை வரைபடம் மாநிலமே வெளியிடுகிறது, நீங்கள் பார்க்கும் வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். டயாப்லோ கேன்யன் உலையை மூடுவதாக இருந்தார்கள், 2022 சட்டத்தால் 2030 வரை ஓடலாம். வருடத்துக்கு ஒருமுறை சைரன் சோதனை, முதல் தடவை குலை நடுங்கும். பழைய மின்நிலைய நிலத்தில் பேட்டரி கிடங்கு கட்டுவது பற்றி ஊரே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2024 நவம்பரில் அந்த நிலத்தின் பயன்பாட்டை மக்கள் வாக்கு இல்லாமல் மாற்றக்கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள், இரண்டு மாதத்தில் வடக்கே மாஸ் லாண்டிங் என்ற ஊரில் இருந்த பேட்டரி கிடங்கு தீப்பிடித்தது. பக்கத்து வீட்டாரிடம் முதல் நாளே இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

ஓக்லண்டிலிருந்து: அப்பா நாகப்பட்டினத்துக்காரர். ஆறு மாதம் வந்து இருப்பார். கடல் இருந்தால் அவருக்குப் போதும்.

என் மாமனாரும் கடற்கரைக்காரர்தான். முதல் நாள் மங்கி குல்லாவோடு கரைக்குப் போனார், தண்ணீரில் கால் வைத்தார், "இது என்ன ஐஸ் பெட்டியா" என்று திரும்பி வந்துவிட்டார். அவரைக் கஷ்டப்படுத்தியது குளிர்கூட இல்லை. நாங்கள் வேலையில் இருக்கும் எட்டு மணி நேரம் பேச ஆளில்லை. பஸ் உண்டு, ஆனால் ஏறி எங்கே போவார்? இரண்டாம் மாதம் படகுத்துறையில் மீன் இறக்குகிற ஒருவரோடு சைகையிலேயே சிநேகமாகிவிட்டார், அதற்கப்புறம் காலையில் ஆளைக் காணோம். உங்கள் அப்பாவுக்கு அப்படி அமையுமா என்று நான் சொல்ல முடியாது.

சான்டா கிளாராவிலிருந்து: கேம்ப்ரியா மனையில் கிணறு தோண்டினால்?

இல்லை. இல்லை. இல்லை.

ஃப்ரீமாண்ட்: அக்கா, சொன்னதைக் கேட்டு ஜூலை 1லிருந்து ஒரு மாதத்துக்கு வாடகை வீடு பார்த்துவிட்டோம்.

நல்லது. ஓவனுக்குள் விளக்கு எரிகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உளுந்து கொண்டுவரும்போது எனக்கும் இரண்டு கிலோ.