நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்டைப் பருவத் தொடக்கத்திலேயே நீக்கியது ஏன்?

முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிய கேள்வி இது. 2021இல் நெப்ராஸ்காவுக்கு 3 வெற்றி, 9 தோல்வி. அந்த ஒன்பதில் ஒன்றுகூட 9 புள்ளிகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் இல்லை என்பதுதான் வேடிக்கை! மயிரிழையில் தவறிய பருவம் என்பதாலும், ஃப்ராஸ்ட் 1997இல் பட்டம் வென்ற இதே அணியின் குவாட்டர்பேக் (ஆட்டத்தை முன்னின்று நடத்தும் வீரர்), மண்ணின் மைந்தர் என்பதாலும் இன்னோர் ஆண்டு கொடுத்தார்கள் என்பது என் கணிப்பு.

2022 செப்டம்பர் 10 அன்று சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்ன் பல்கலைக்கழக அணியிடம் 42-45 என்று தோற்றார்கள். மறுநாளே பதவி பறிபோனது. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தர வேண்டிய சுமார் 1.5 கோடி டாலர் இழப்பீடு பாதியாகியிருக்கும். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை, பாருங்கள். மிக்கி ஜோசப் இடைக்காலப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார்; நவம்பரில் மாட் ரூல் புதிய பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.