பேரிடர் வருமுன் தடுக்க உலக நாடுகள் ஏன் பணம் தருவதில்லை?

தருகின்றன, ஆனால் மிகக் குறைவாக. பேரிடர் தொடர்பான வெளிநாட்டு உதவியில் பெரும்பங்கு நிவாரணத்துக்கும் மறுகட்டுமானத்துக்குமே போகிறது. இடிந்த வீடு தொலைக்காட்சியில் தெரியும். இடியாமல் நின்ற பள்ளிக்கூடம் செய்தியாவதில்லை. 2015-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்ற செயல்திட்டம் இதை மாற்ற முயன்றது. அதன் 7 இலக்குகளில் ஒன்று, 2030-க்குள் வளரும் நாடுகளுக்கான ஒத்துழைப்பைக் கணிசமாக உயர்த்துவது. எவ்வளவு என்று தொகை குறிக்காததே அதன் பெரிய பலவீனம் என்பேன்.

உருப்படியான ஏற்பாடுகளும் உண்டு. 2007-இல் கரீபியன் நாடுகளுக்காகத் தொடங்கிய கூட்டுக் காப்பீட்டு நிதியத்தைப் பாருங்கள். சேதத்தைக் கணக்கெடுத்து முடிக்கும்வரை அங்கே காத்திருக்க வேண்டியதில்லை. காற்றின் வேகம், நில அதிர்வு போன்றவற்றை வைத்து மதிப்பிட்ட இழப்பு ஒப்பந்த வரம்பைத் தாண்டினாலே அரசுக்குப் பணம் போய்விடும். 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பின் இரண்டே வாரத்தில் ஹைட்டிக்குச் சுமார் 77.5 லட்சம் டாலர் கிடைத்தது. அழிவோடு ஒப்பிட்டால் அது சொற்பம்தான். ஆனால் அரசே நிலைகுலைந்து கிடந்த நேரத்தில் கைக்கு வந்த ரொக்கம். வரம்பை எட்டாவிட்டால், சேதம் இருந்தாலும் காசு வராது என்பது இதன் குறை.

என்னைக் கேட்டால், முதல் பணம் முன்னெச்சரிக்கைக்கே போக வேண்டும். 2004 சுனாமியின்போது இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. பிறகு யுனெஸ்கோவின் ஒருங்கிணைப்பில் பல நாடுகள் சேர்ந்து அமைத்தன. இத்தகைய பணிக்கு ஏழை நாடுகளுக்குக் கடன் தரக்கூடாது, மானியமே தர வேண்டும். பழைய கடனுக்கு வட்டி கட்டத் திணறும் நாடு, புதுக்கடன் வாங்கிக் கடலில் சுனாமியை உணரும் மிதவைக் கருவி நிறுத்தாது.