அத்தைக்கு ஒரு சுங்குடிச் சேலை

கேள்வி: என் கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வரும் ஆவணியில் எனக்கு 60 நிறைகிறது. நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். ‘ஜோடியா இருந்தாத்தானே அறுபதாம் கல்யாணம், தனி ஆளுக்கு என்ன விசேஷம்?’ என்று என் ஓரகத்தி கேட்டுவிட்டார். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. வயது ஏற ஏறப் பிறந்தநாள் எதற்கு அக்கா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த 2026 ஆவணியில் 60 நிறைகிறது என்றால் நீங்கள் 1966இல், பராபவ ஆண்டில் பிறந்தவர். பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்களும் ஒரு சுற்று முடிந்து, இப்போது மறுபடி பராபவ ஆண்டு. வியாழன் வானத்தை ஒரு தடவை சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30. ஐந்து சுற்று அது, இரண்டு சுற்று இது என்று இரண்டுமே நீங்கள் பிறந்தபோது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் காலம். இதில் தம்பதி என்ற கணக்கு எங்கே வருகிறது? ஆண்டு திரும்பி வருவது பிறந்த ஆளுக்கு. தம்பதியாக இருப்பவர்கள் அதை மாலை மாற்றிக் கொண்டாடுகிறார்கள், அவ்வளவுதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் அத்தை. அப்பாவைவிட நாலு வயது மூத்தவர். அப்பா கல்யாணத்தில் அம்மா கழுத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்டது அத்தைதான். தன் 31ஆம் வயதில் கணவரை இழந்தார். 1991இல் திருக்கடையூரில் அப்பாவுக்குச் சஷ்டியப்தபூர்த்தி. முதல் நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பூக்கட்டியதும், விடியற்காலையில் எல்லோருக்கும் காபி போட்டதும் அத்தை. தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் அவரைக் காணோம். தேடிப் போனால், தூண் மறைவில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ‘வா அத்தை’ என்றேன். ‘இங்கேயிருந்தே தெரியுது, நீ போ’ என்றார். எனக்கு அப்போது 34 வயது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. அது இன்றைக்கும் என் மனதில் முள்ளாகக் கிடக்கிறது.

அந்தக் கோயிலின் கதையை நினைத்துப் பாருங்கள். எமனுக்குப் பயந்து லிங்கத்தைக் கட்டிப் பிடித்த மார்க்கண்டேயன் 16 வயதுப் பையன். தனியாக வந்தவன். ஆயுள் கேட்டு நிற்க அவனுக்குத் துணை தேவைப்படவில்லை.

2007இல் அத்தைக்கு 80. நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை, கரும்பச்சையில் வெள்ளைப் புள்ளி வைத்தது, வாங்கிக்கொண்டு போனேன். அரை கிலோ அல்வாவும் வாங்கினேன். ‘யாருக்குடி?’ என்றார். ‘உனக்குத்தான், இன்னைக்கு நீ பிறந்த நாள்’ என்றேன். ‘எனக்கா?’ என்று மறுபடி கேட்டார். சேலையை உடனே பிரிக்கவில்லை. மடிப்போடு மூக்கருகே கொண்டுபோய்ப் புதுத்துணியின் கஞ்சி வாசனையை முகர்ந்தார். அப்புறம் விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தடவிக்கொண்டே, தான் பிறந்த கதையைச் சொன்னார். பிரசவத்துக்கு மருத்துவச்சி வருவதற்குள் ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதாம். வண்ணாரப் பாட்டிதான் தொப்புள்கொடி அறுத்தாராம். 80 வருடத்தில் அந்தக் கதையை யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

குழந்தைக்குப் பிறந்தநாள் எதற்கென்று தெரியாது; பலூனைப் பார்த்துச் சிரிக்கும். நமக்குத்தான் அந்த நாள் வேண்டியிருக்கிறது. பெற்றவர்கள் போய்விட்டார்கள், கணவர் போய்விட்டார். ‘நீ இருக்கிறாயே’ என்று சந்தோஷப்பட இனி மகள்தான் இருக்கிறாள். அவள் சந்தோஷத்துக்குத் தடை போடாதீர்கள். ஓரகத்தியையும் கூப்பிடுங்கள். பந்தியில் முதல் இலையில் நீங்கள் உட்காருங்கள். அன்றைக்கு மட்டும் பரிமாறப் போகாதீர்கள்.

கேள்வி: ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளிச் சான்றிதழில் என் பிறந்த தேதி 1.6.1951. ஆனால் அம்மா சொன்னது கார்த்திகை மாதம், ரோகிணி நட்சத்திரம். பேரப்பிள்ளைகள் ஜூனில் கேக் வெட்டுகிறார்கள். எனக்கு ஒட்டவே இல்லை. எது என் பிறந்தநாள்?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: அம்மா சொன்னதுதான். சந்தேகமே வேண்டாம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமை ஆசிரியர் எழுதிய தேதி அது. உங்கள் தலைமுறையில் பாதிப் பேர் இப்படி மே, ஜூனில் ‘பிறந்தவர்கள்’. நாகப்பட்டினத்தில் தபால் அலுவலகக் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்தபோது, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர 60 வயது ஆகியிருக்க வேண்டும். பிறந்த தேதி கேட்டால் கதைதான் வரும். ‘அம்பத்திரண்டு புயல்ல கூரை போனப்ப எனக்குப் பல்லு விழுந்துக்கிட்டு இருந்துச்சும்மா’ என்றார் ஒரு மீனவப் பெண். படிவத்தில் அதை எழுத இடமில்லை. ஆனால் 1952 நவம்பர் புயலையும் விழுந்த பல்லையும் வைத்து நானே அவர் வயதைக் கணக்குப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தேன்.

சான்றிதழ்த் தேதி அலுவலகத்துக்கு. உங்களுக்கு 80 நிறையும்போது அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரும். அதற்கு ஜூன் 1தான் கணக்கு. ஆயிரம் பிறை கண்ட கணக்கு வேறு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29 நாள் சொச்சம், ஆயிரம் பௌர்ணமி ஆக 80 வயதும் சுமார் 10 மாதமும் வேண்டும். அதை அம்மா சொன்ன நாளிலிருந்து எண்ணுங்கள்.

கார்த்திகையில் ரோகிணி என்றால் அண்ணாமலை தீபத்துக்கு மறுநாளை ஒட்டி வரும். முந்தின நாள் ஏற்றிய அகல்விளக்குகள் எண்ணெய் காயாமல் வாசலில் இருக்கும்போது நீங்கள் பிறந்திருக்கிறீர்கள். சந்திரன் 27 நாள் சொச்சத்தில் எல்லா நட்சத்திரங்களையும் சுற்றிவிடுவதால், சில வருடம் ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு தடவை வரும். பல வீடுகளில் பின்னால் வருவதை எடுத்துக்கொள்வார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். ஜூன் கேக்கும் இருக்கட்டும், குழந்தைகள் ஆசை. தீபத்து மறுநாள் பொரி உருண்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கிராமத்தில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு 78 ஆகப் போகிறது. ‘ஒரு வயசு குறையுது, இதுக்கு விழாவா?’ என்கிறார். காதும் சரியாகக் கேட்பதில்லை, இடது பக்கம் சுத்தமாகப் போய்விட்டது. போனில் வாழ்த்துச் சொன்னால் ‘சரி சரி’ என்று வைத்துவிடுகிறார். சொல்லாமல் போய் அசத்தலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அசத்த வேண்டாம். இந்த வயதில் திடீரென்று பத்துப் பேர் கதவைத் தட்டினால் சட்டை தேடுவதற்குள் மனம் படபடத்துவிடும். நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் ‘எதுக்கு அலைச்சல்’ என்பார். மறுநாளே முகச்சவரம் செய்துகொள்வார், வேண்டுமானால் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பரிசுக்காக யோசிக்காதீர்கள். முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்து, இரண்டு ராத்திரி தங்குங்கள். சர்க்கரை இருந்தால் கேக் வேண்டாம். உங்கள் அம்மா என்ன சமைப்பார் என்று அவரிடமே கேட்டு அதைச் சமையுங்கள். அவர் சாப்பிடும்போது வலது பக்கமாக உட்காருங்கள்.