ராட்சதப் பூசணி, கையில் கொஞ்சம் காசு: கேள்வி பதில்

பதினோரு பருவமாக ராட்சதப் பூசணி வளர்க்கிறேன். குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலம், மண்வெட்டி, தண்ணீர்க் குழாய். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சமையலுக்கு வாங்கிய பூசணியின் விதையை ஊன்றி நன்றாகக் கவனித்தால் 100 கிலோ வருமா?

வராது. விதையில் இல்லாத எடையை எருவால் கொண்டுவர முடியாது. ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி பல ஆண்டுகள் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய ரகம் அது. 1981-ல் அவருடைய காய் 493.5 பவுண்டு, அதாவது 224 கிலோ இருந்தது. 2023-ல் அமெரிக்காவில் தராசில் ஏறிய காய் 1,247 கிலோ. அதுவும் இதே வம்சம்தான். பெயர் பெற்ற காயின் விதைக்கு ஏலத்தில் விலை எகிறும். முதல் வருடத்துக்கு அது வேண்டாம். தபால் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு நல்ல விதை அனுப்பும் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: செலவழிக்க என்னிடம் அதிகம் இல்லை. எதில் போடுவது?

விதையில் கொஞ்சம், மண் பரிசோதனையில் கொஞ்சம். இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மண்ணின் கார அமில நிலை 6.5-க்கும் 7-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உரம் வாங்காதீர்கள். வருடா வருடம் எருவைக் கொட்டிய தோட்டத்தில் பாஸ்பரஸ் ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும். அதன் மேல் இன்னொரு மூட்டையைக் கொட்டினால் காசு போவதோடு மண்ணும் கெடும்.

மற்றதெல்லாம் சும்மா கிடைப்பவை. உதிர்ந்த இலைகளை முந்தைய பருவத்திலேயே குவித்து மண்ணோடு கலந்து விடுங்கள். நன்றாக மக்கிய எரு போடலாம், பச்சை எரு கூடாது. பழைய படுக்கை விரிப்பு ஒன்று காய்க்கு நிழல். ஒரு சாக்கு மணல் காய்க்கு மெத்தை.

கேள்வி: எவ்வளவு இடம் வேண்டும்? தொட்டியில் முடியுமா?

ஒரு செடிக்கு 30 சதுர மீட்டராவது விடுங்கள். தொட்டியில் முடியாது.

கேள்வி: ஐயா, பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வந்து மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. என்ன உரம் போடலாம்?

உரத்தால் தீராது. மகரந்தம் சரியாகச் சேரவில்லை, அல்லது வெயில் தாங்கவில்லை. பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி ஒன்று இருக்கும்; ஆண் பூவுக்கு வெறும் மெல்லிய காம்புதான். பெண் பூ ஒரே ஒரு காலைதான் விரியும். முந்தின மாலையில் மொட்டின் நுனி மஞ்சளாகத் தெரிந்தால், மறுநாள் விடியலில் விரியும் என்று அர்த்தம். அன்று இரவே துணியால் மூடிக் கட்டுங்கள். இரண்டு மூன்று ஆண் மொட்டுகளைப் பறித்து ஒரு குவளைத் தண்ணீரில் வைத்து விடுங்கள்.

காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். ஆண் பூவின் இதழ்களைக் கிழித்தெறிந்தால் நடுவில் மஞ்சள் தூள் அப்பிய தண்டு மட்டும் நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் உள்ள மடல்கள் ஒவ்வொன்றின் மேலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு மடல் விட்டுப்போனாலும் காய் கோணலாகும். பிறகு மறுபடி மூடிவிடுங்கள். கடும் வெயில் நாள் என்றால் மேலே நிழல் கட்டுங்கள். பிரதான கொடியில் வேரிலிருந்து 3 மீட்டருக்கு அப்பால் வரும் பூவாகப் பார்த்துச் செய்யுங்கள். அதற்குள் செடியில் போதுமான இலை வந்திருக்கும்.

கேள்வி: எத்தனை காய் விடலாம்?

ஒன்று. முதலில் இரண்டு மூன்று இருக்கட்டும். தினமும் நாடாவால் சுற்றளவு எடுங்கள். இரண்டு வாரத்தில் எது வேகமாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். மற்றவற்றை அன்றே வெட்டுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள்.

கேள்வி: என் தாத்தா காம்பில் ஊசியால் துளை போட்டு, திரி சொருகி, பால் ஊட்டுவார். காய் பெருக்கும். நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

ஏனென்றால் அது காயைக் கெடுக்கும். பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் திரி வழியாக எடுத்துக்கொள்ளும் உறுப்பு செடிக்கு இல்லை. காயை வளர்க்கும் சர்க்கரை இலையில் தயாராகிக் கொடி வழியாக வருகிறது. நீங்கள் போட்ட துளை வழியாக உள்ளே போவது அழுகல்தான்.

கேள்வி: பால் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர்?

துளை அதே துளைதான். வேண்டாம்.

கேள்வி (தாத்தாவைப் பற்றி எழுதியவர்): ஆனால் காய் பெருத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஐயா.

நம்புகிறேன். உங்கள் தாத்தா பால் ஊட்டத் தினமும் அந்தச் செடியிடம் போனார். போனவர் களை பிடுங்கியிருப்பார், தண்ணீர் விட்டிருப்பார், இலையைத் திருப்பிப் பூச்சி பார்த்திருப்பார். காய் பெருத்தது அதனால். அவர் கை செய்த வேலையின் பெயர் பாலுக்குப் போகக் கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: அப்படியானால் பாலுக்குத் தோட்டத்தில் வேலையே இல்லையா?

நல்ல கேள்வி. உண்டு, ஆனால் இலைக்கு. பருவத்தின் பின்பாதியில் இலை மேல் மாவு தூவியது போல் சாம்பல் நோய் வரும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வெயில் உள்ள காலையில் வாரம் ஒரு முறை தெளியுங்கள். 1999-ல் பிரேசிலில் சுக்கினி என்ற பூசணி வகைச் செடிகளில் சோதித்து, இது சாம்பல் நோயைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார்கள். நோய் வருமுன் தொடங்கினால்தான் பலன். இலை எத்தனை நாள் பச்சையாக நிற்கிறதோ அத்தனை நாள் காய் வளரும். பாலைத் திரியில் விடாமல் இலையில் தெளியுங்கள்.

கேள்வி: சிறந்த உரம் எது?

மண் பரிசோதனை செய்தீர்களா?

கேள்வி: கொடியை மண்ணில் புதைக்க வேண்டும் என்கிறார்களே?

ஆமாம், காசில்லாமல் செய்யக்கூடிய பெரிய வேலை இதுதான். ஒவ்வொரு இலைக் கணுவிலும் வேர் விடும் சக்தி உண்டு. கொடி ஓடும் வழியில் ஆழமில்லாத பள்ளம் பறித்து, கொடியைப் படுக்க வைத்து, ஈர மண்ணால் மூடுங்கள். இலை மட்டும் வெளியே நிற்கட்டும். சில நாளில் கணுவைத் தொட்டுப் பார்த்தால் வெள்ளை வேர் இறங்கியிருக்கும். ஒரே தண்டை நம்பியிருந்த செடிக்கு இப்போது நூறு வாய். காற்றும் கொடியைப் புரட்டாது.

காய்க்கு இரு பக்கமும் உள்ள இரண்டிரண்டு கணுவை மட்டும் புதைக்காமல் விடுங்கள். காய் உயரும்போது கொடியும் கூடவே எழும்ப வேண்டும். வேர் இழுத்துப் பிடித்தால் காம்பு முறியும்.

கேள்வி: காய் திடீரென்று வெடித்துவிட்டது. ஏன்?

எனக்கும் நடந்தது, ஏழாவது பருவத்தில். நான்கு நாள் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மண் பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. மனசு கேட்காமல் மாலை முழுக்கத் தண்ணீர் விட்டேன். காலையில் விரிப்பை விலக்கினால், காம்பு ஓரத்தில் விரல் நுழையும் பிளவு. உள்ளே ஈரச் சதை பளபளத்தது, வெள்ளரி நறுக்கிய வாசனை. பிளவு உட்குழி வரை போய்விட்டால் எடைப் போட்டியில் அந்தக் காயை ஏற்க மாட்டார்கள்.

வறண்ட செடிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் சதை வேகமாகப் பெருக்கும், தோல் ஈடுகொடுக்காது. தினமும் ஒரே அளவு விடுங்கள். முழு வளர்ச்சியில் பெரிய செடி நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் கேட்கும். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் இறுகிவிடும். நிழல் விரிப்பு அதற்காகத்தான்.

கேள்வி: இலையில் ஓட்டை. என்ன மருந்து அடிக்க?

ஓட்டையை மட்டும் வைத்து நான் மருந்து சொல்ல மாட்டேன். இலையோடு பக்கத்து வேளாண் அலுவலரிடம் போங்கள்.

கேள்வி: காய் வேகமாகப் பெருக்க ஏதாவது உரம்...

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். மண் பரிசோதனை. அதன் முடிவோடு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

கேள்வி: ருசி எப்படி?

தண்ணீர்ச் சத்து, சப்பென்று இருக்கும்.

கேள்வி: தராசு இல்லாமல் எடையை எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று அளவு எடுங்கள். தரைக்கு இணையாகக் காயைச் சுற்றி ஒன்று. பக்கவாட்டில் தரையிலிருந்து மேலே ஏறி மறுபக்கத் தரை வரை ஒன்று. காம்புப் பக்கத் தரையிலிருந்து மேலே ஏறி பூமுனைப் பக்கத் தரை வரை ஒன்று. மூன்றையும் கூட்டினால் வரும் எண்ணுக்கு எடை அட்டவணை இருக்கிறது. சதை தடித்த காய் அட்டவணையை மிஞ்சும், மெலிந்தது ஏமாற்றும். தினமும் ஒரே நேரத்தில் எடுத்து நோட்டில் எழுதுங்கள். கூட்டுத்தொகை ஒரு வாரமாக அசையவில்லை என்றால் வளர்ச்சி நின்றுவிட்டது, அறுக்கலாம். தூக்கும்போது காம்பைப் பிடிக்காதீர்கள். அடியில் தார்ப்பாயைச் செருகி, சுற்றிலும் ஆள் நின்று, ஒரே நேரத்தில் தூக்குங்கள்.