மியான்மரில் தேர்தல் நடந்தும் ஜனநாயகம் ஏன் நிலைக்கவில்லை?

ஏனென்றால் ராணுவம் 2008-இல் அரசியலமைப்பை எழுதும்போதே தன் பிடியையும் அதில் எழுதி வைத்துக்கொண்டது. நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் சீருடைக்காரர்களுக்கு, அந்த இடங்களுக்குத் தேர்தலே கிடையாது, ராணுவத் தளபதி நியமிப்பார். அரசியலமைப்பில் எந்தப் பிரிவைத் திருத்தவும் நாடாளுமன்றத்தில் 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர்கள் தலையாட்டாமல் ஒரு வரியைக்கூடத் தொட முடியாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் அமைச்சர் தளபதி கைகாட்டும் ஆள்தான் (அதாவது போலீஸும் அவர்களுடையது!). 2015-இல் ஜனநாயகப் போராட்டத் தலைவர் ஆங் சான் சூச்சியின் கட்சி அமோகமாக ஜெயித்தும், பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்கள் என்பதால் அதே அரசியலமைப்பின்படி அவர் அதிபராக முடியாமல், அரசு ஆலோசகர் என்று புதுப் பதவி உண்டாக்க வேண்டியிருந்தது. 2020-இல் மறுபடி வெற்றி. அப்புறம் என்ன, புது நாடாளுமன்றம் கூட வேண்டிய 2021 பிப்ரவரி 1 அன்று விடியற்காலையிலேயே ராணுவத்தினர் அவரைக் கைது செய்துவிட்டார்கள்.